பாந்திரா புனித அந்திரேயா பங்கு: வரலாறும் வழிபாட்டு மொழியும்

முன்னுரை

இந்தியக் கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாறு பெரும்பாலும் மறைபரப்புப் பணியாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. வந்தவர் யார், எத்தனை பேருக்குத் திருமுழுக்கு அளித்தார், எந்த நூலை அச்சிட்டார் என்பனவே அதன் வினாக்கள். திருமுழுக்குப் பெற்றவர்கள் அதன்பின் நூற்றாண்டுக்கணக்கில் எவ்வாறு கூடி வாழ்ந்தனர் என்பதை அறியப் ‘பங்கு’ என்னும் சிற்றலகை நாட வேண்டும். ஒரு கோயில், அதற்குரிய குரு, வரையறுத்த எல்லை, அவ்வெல்லைக்குள் வாழும் குடும்பங்கள், அவர்தம் பிறப்பு இறப்பு மணப் பதிவேடுகள் ஆகியவை சேர்ந்ததே பங்கு. போர்த்துகீசியர் ‘பரோக்கியா’ என வழங்கியதைத் தமிழ்க் கத்தோலிக்கர் பங்கு என்றனர். உரிமையையும் பொறுப்பையும் ஒருங்கே உணர்த்தும் இச்சொல் மூலச்சொல்லினும் பொருத்தமானது என்பது கட்டுரையாளர் கருத்து.

மும்பையின் புறநகராக விளங்கிவந்த பாந்திராவின் புனித அந்திரேயா பங்கு இங்கு ஆய்வுப்பொருளாகிறது. (முந்தைய தலைமுறைத் தமிழ்க் கத்தோலிக்கர் இப்புனிதரைப் பிலவேந்திரர் என்றே அழைப்பர்.) இப்பங்கின் மூத்த குடிகள் மராத்தியின் வட்டார வழக்கொன்றைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இன்று அவர்தம் வீட்டிலும் கோயிலிலும் ஆங்கிலமே முதன்மை பெற்றுள்ளது. இம்மாற்றத்திற்குப் போர்த்துகீசிய மறைபரப்பே காரணம் எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பங்கின் வரலாற்றைக் காலமுறையில் நோக்கின் அக்கூற்று நிலைபெறவில்லை.

சாஷ்டித் தீவும் கோயிலும்

பாந்திரா, மராத்தியில் வாந்த்ரே, பழைய பம்பாய்த் தீவுகளுக்கு வடக்கே, மாகிம் கழிமுகத்திற்கு அப்பால், சால்செட் என்னும் பெருந்தீவின் தென்முனையில் உள்ளது. அறுபத்தாறு ஊர்களைக் கொண்டமையால் ‘ஷட்ஷஷ்டி’ எனப்பட்டு, அது சாஷ்டியாகக் குறுகிச் சால்செட் எனத் திரிந்தது என்பர். கோவாவிலும் இதே பெயரில் ஒரு வட்டம் உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்கிய எழுத்துகள் பல.

குஜராத் சுல்தான் பகதூர் ஷா 1534இல் வசாயையும் அதனைச் சார்ந்த பகுதிகளையும் போர்த்துகீசியருக்கு விட்டுக்கொடுத்தார். தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் பரதவர் திருமுழுக்குப் பெற்ற ஆண்டுகளும் (1535-37) ஏறத்தாழ இவையே. இரு கடற்கரைகளிலும் மீனவரே முதலில் மறையைத் தழுவினர் என்பதும், போர்த்துகீசியக் குடிப்பெயர்களை ஏற்றனர் என்பதும் ஒப்புநோக்கத்தக்கவை. ஆயினும் பரதவர் பாண்டிக் கடற்கரையில் தம் சாதித்தலைவரின் கீழ் ஒரே இனமாக நின்று மறையைத் தழுவினர். சாஷ்டியிலும் வசாயிலும் கோலிகள், வாடவள்கள், சாமவேதிப் பிராமண வழியினர் எனக் கூறப்படும் குபாரிகள் எனப் பல குடிகள் தனித்தனியே மறையேற்றன. அவற்றை ஒன்றிணைக்கும் தலைமை எதுவும் இல்லை. பங்குக் கோயிலே பொதுவிடமாயிற்று.

இயேசு சபையார் 1575இல் புனித அந்திரேயா கோயிலை எழுப்பினர். மனுவேல் கோமெஸ் என்னும் இயேசு சபைக் குருவின் பெயர் இப்பகுதி மறைபரப்பில் முதன்மையாகக் குறிக்கப்படும். 1616 முதல் இது பாந்திராவின் பங்குக் கோயிலாயிற்று. சற்றுத் தொலைவில் புனித அன்னம்மாள் பெயரால் இயேசு சபையாரின் கல்லூரியும், கடல்முனையில் 1640ஆம் ஆண்டுக் கல்வெட்டுடன் அகுவாதக் கோட்டையும் அமைந்தன. கோட்டையை அடுத்த குன்றின்மேல் மரியன்னைக்கு ஒரு சிற்றாலயம் எழுந்தது.

1739: ஆட்சி நீங்கியபின் பங்கு

போர்த்துகல் அரசு 1661 திருமண உடன்படிக்கையின்படி பம்பாயை ஆங்கிலேயருக்கு அளித்தபோது, சாஷ்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1737 முதல் 1739 வரை சிமாஜி அப்பாவின் தலைமையில் மராட்டியர் சாஷ்டியையும் வசாயையும் கைப்பற்றினர். பாந்திராவின் கோட்டையும் கல்லூரியும் மராட்டியர் வசமானால் கழிமுகத்திற்கு எதிர்க்கரையிலுள்ள மாகிமைத் தாக்கும் தளமாகிவிடும் என ஆங்கிலேயர் அஞ்சினர். அதனால் அவை தகர்க்கப்பட்டன. குன்றின்மேலிருந்த ஆலயமும் அழிந்தது. அன்னையின் திருவுருவம் மாகிம் புனித மிக்கேல் கோயிலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1761ஐ ஒட்டி மீண்டும் குன்றுக்குத் திரும்பியது. அந்திரேயா கோயில் தப்பியது. அதன் முற்றத்தில் இன்றும் நிற்கும் பெருங்கற்சிலுவை, இயேசுவின் பாடுகளுக்குரிய கருவிகள் செதுக்கப்பெற்றது, இடிக்கப்பட்ட கல்லூரியிலிருந்து வந்ததாகும்.

ஐரோப்பியத் துறவியர் வெளியேறினர். அவர்களுக்குப் பின் பங்குகளைக் காத்தவர்கள் கோவா பேராயருக்கு உட்பட்ட இந்தியக் குருக்களே. இதனை வரலாற்றாசிரியர்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். ஆனால் மறை அரசின் துணையால் மட்டுமே நின்றதா என்னும் வினாவிற்கு விடை இக்காலத்தில்தான் உள்ளது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள், 1774இல் ஆங்கிலேயர் சாஷ்டியைக் கைப்பற்றும்வரை, அரசின் ஆதரவோ ஐரோப்பியத் துறவியரோ இன்றிப் பங்கு இயங்கியது. மறையைக் கைவிடச் சூழ்நிலை இடம் தந்த காலத்திலும் பெருந்தொகையினர் கைவிடவில்லை.

அக்காலத்தில் அவர்கள் பேசியதும் பாடியதும் மராத்தி வழக்கே. இதற்கு இலக்கியச் சான்று உண்டு. தாமஸ் ஸ்டீபன்ஸ் என்னும் ஆங்கிலேய இயேசு சபைக் குரு இயற்றிய ‘கிறிஸ்த புராணம்’ 1616இல் கோவாவின் ராச்சோலில் உரோமன் எழுத்தில் அச்சாயிற்று. மராத்தி ஓவி யாப்பில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களைக் கொண்ட இக்காப்பியத்தை நம் தேம்பாவணியோடு ஒப்பிடும் ஆய்வு விரிவாகச் செய்யப்படவேண்டிய ஒன்று. வட கொங்கணத்தாருக்கு அதனினும் நெருக்கமானது, பிரான்சிஸ்கோ வாஸ் த குய்மராய்ஷ் என்பவரின் பெயரால் 1659இல் லிஸ்பனில் அச்சான திருப்பாடுகளின் புராணம். புலமை நோக்கில் ஸ்டீபன்சின் நூலுக்கு ஈடாகாத இது, வசாய், தாணே, பம்பாய்ப் பகுதிக் கிறித்தவர்களின் வாய்மொழிக்கு நெருங்கிய நடையால் தவக்காலப் பாடலாக நிலைத்தது. தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் வியாகுலப் பிரசங்கம் பெற்ற இடத்தை இதனோடு ஒப்பிடலாம். போர்த்துகீசியர் ஆட்சி மறைந்த பின்னும் மக்கள் இப்புராணத்தை விடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பம்பாயில் இது மறுபதிப்பும் கண்டது. மொழி அதுவரை உயிரோடிருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இரு கோயில்கள், இரு ஆட்சியுரிமைகள்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்பங்கு இரண்டானது. ஆசியாவில் ஆயர்களை நியமிக்கும் உரிமை போர்த்துகல் அரசருக்குரியது என்பது பதுரவாதோ முறை. விசுவாசப் பரப்புப் பேராயத்தின் வழி உரோமையே நேரடியாக ஆள வேண்டும் என்பது மற்றொரு முறை. 1838இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி வெளியிட்ட ஆணை, ஆங்கிலேயர் ஆட்சிப்பகுதியிலிருந்த பழைய பதுரவாதோ மறைமாவட்டங்களின் அதிகாரத்தைப் பறித்தது. கோவா குருக்கள் அதனை ஏற்க மறுத்தனர். அதே ஆண்டில் மதுரை மறைத்தளத்திற்குப் பிரெஞ்சு இயேசு சபையார் திரும்பிவந்தபின் தென்தமிழகக் கடற்கரை ஊர்களில் மூண்ட பூசலும் இதன் மறுவடிவமே.

பம்பாயில் பூசல் எவ்வளவு முற்றியது என்பதற்கு மாகிம் நிகழ்ச்சி எடுத்துக்காட்டு. 1853இல் உரோமையின் பதிலாளராயிருந்த கப்புச்சின் சபை ஆயர் அனஸ்தாசியுஸ் ஆர்ட்மன், மிக்கேல் கோயிலைக் கோவா தரப்பினரிடம் விடமாட்டேன் எனக் கூறிக் கோயிலுக்குள்ளேயே தங்கிவிட்டார். வெளியே எதிர்த்தரப்பினரின் முற்றுகை பல நாள் நீடித்தது. இறுதியில் ஆங்கிலேய அரசு தலையிட்டுக் கோயிலைப் பதுரவாதோ தரப்பிடம் ஒப்படைத்தது. ஒரே மறையை, ஒரே திருத்தந்தையை ஏற்ற இரு தரப்பாரின் வழக்கைப் புரோட்டஸ்தாந்து அதிகாரிகள் தீர்த்துவைத்தனர்!

பாந்திராவில் அந்திரேயா கோயில் கோவா ஆட்சியுரிமையின் கீழ் நின்றது. உரோமைத் தரப்பைச் சார்ந்தோர் 1850களின் தொடக்கத்தில் புனித இராயப்பர் (பேதுரு) பெயரால் தமக்கெனத் தனிக்கோயில் அமைத்துக்கொண்டனர். அது பின்னர் இயேசு சபையார் பொறுப்பில் வளர்ந்தது. இவ்விரு கோயில்களுக்கும் இடைப்பட்ட தொலைவு சில நிமிட நடைதான். உறவினர் இரு பக்கமும் பிரிந்தனர். 1886இல் தமான் மறைமாவட்டம் ஏற்பட்டபோது சாஷ்டியின் பழைய பங்குகள் அதன்கீழ்ச் சென்றன; 1928 உடன்படிக்கைக்குப் பின்னரே அவை பம்பாய் உயர்மறைமாவட்டத்தில் இணைந்தன. மயிலாப்பூரும் சென்னையும் 1952இல்தான் ஒரே உயர்மறைமாவட்டமாயின என்பதை நினைவில் கொண்டால், இப்பிளவு எத்துணை நீண்ட நிழலைக் கொண்டது என்பது விளங்கும்.

இக்கட்டுரையின் நோக்கில் இப்பிளவின் முதன்மையான விளைவு கல்வியில் ஏற்பட்டது. இயேசு சபையார் 1863இல் தொடங்கிய ஆதரவற்றோர் இல்லமே புனித ஸ்தனிஸ்லாஸ் பள்ளியாக வளர்ந்தது. அந்திரேயா பங்குக்கும் 18ஆம் நூற்றாண்டுத் தொன்மை கூறப்படும் பள்ளி இருந்தது. கன்னியர் மடத்துப் பெண்பள்ளியும் சேர்ந்தது. கல்வியில் இரு தரப்பாரும் போட்டியிட்டனர். போட்டியின் மொழி ஆங்கிலம்.

பாலமும் பெயரும்

மொழிமாற்றத்தின் தொடக்கத்தைக் கோயிலுக்கு வெளியே தேட வேண்டும். 1845இல் மாகிமையும் பாந்திராவையும் இணைக்கும் கடற்பாலச் சாலை திறக்கப்பட்டது. அதற்குப் பெரும்பொருள் உதவியவர் ஜம்சேட்ஜி ஜீஜீபாயின் துணைவியார் அவாபாய் என்னும் பார்சிப் பெண்மணி. அதுவரை படகில் கடந்த கழிமுகம் நடந்து கடக்கும் தொலைவாயிற்று. 1860களில் இருப்புப்பாதையும் வந்தது. வயலிலும் தோப்பிலும் கடலிலும் உழைத்தவரின் மக்கள் பம்பாயின் அலுவலகங்களிலும் சுங்கத்துறையிலும் இருப்புப்பாதையிலும் எழுத்தர்களாயினர்.

அங்கே அவர்கள் கோவாவிலிருந்து வந்தவர்களோடு போட்டியிட நேர்ந்தது. இரு சாராருக்கும் போர்த்துகீசியப் பெயர்களே. ஆங்கிலேயர் இரு சாராரையும் ‘போர்த்துகீசியர்’ என்றே அழைத்தனர். கோவாவினர் போர்த்துகல் அரசின் குடிகள். சாஷ்டியினரோ ஆங்கிலேய அரசின் குடிகள். இவ்வேறுபாட்டை நிலைநாட்ட, விக்டோரியா அரசியின் பொன்விழா ஆண்டாகிய 1887இல் பம்பாய் ஈஸ்ட் இந்தியர் சங்கம் தோன்றியது. அது முதல் வட கொங்கணத்துக் கத்தோலிக்கர் ‘ஈஸ்ட் இந்தியர்’ ஆயினர். மேலைக் கடற்கரையின் பூர்வகுடிகள் கிழக்கிந்தியர் என்னும் பெயரைச் சூடிக்கொண்டது, கிழக்கிந்தியக் கும்பனியின் நினைவாலாகும். சாதியாலும் தொழிலாலும் பிரிந்திருந்தோரை அப்பெயர் ஒன்றுசேர்த்தது என்பதை மறுக்கவியலாது. அதே நேரத்தில் அவர்களை மராத்தியர் என அடையாளம் காட்டக்கூடிய எதனையும் அப்பெயர் தாங்கவில்லை. ஒரு குழு தன் பெயரைத் தன் மொழியிலிருந்தோ நிலத்திலிருந்தோ பெறாமல், தனக்கு வேலை தரும் ஆட்சியிடமிருந்து பெற்றால் மொழி பின்தள்ளப்படுவதில் வியப்பில்லை.

1896இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியது. தெருமுனைகளிலும் ஊர் நடுவிலும் சிலுவைகள் பெருகின. பாந்திராவின் சிலுவைகள் பலவற்றில் அவ்வாண்டுகளின் தேதிகளைக் காணலாம். நகரிலிருந்து தப்பிப் புறநகருக்கு வந்தோரும் மிகுந்தனர். இருபதாம் நூற்றாண்டில் கோவாவினரும் மங்களூர்க் கத்தோலிக்கரும் பாந்திராவில் பெருமளவில் குடியேறினர். 1918இல் அமைந்த சால்செட் கத்தோலிக்கக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம், பழைய வயல்வெளிகளை மனைகளாக்கி நடுத்தரக் கத்தோலிக்கருக்கு இல்லங்கள் எழ வழிசெய்தது. பழங்குடிகள் ரான்வார், சுயிம், பாலி போன்ற ஊர்நத்தங்களில் நெருங்கிய ஓட்டுவீடுகளில் வாழ்ந்தனர். சுற்றிலும் புதியவர்களின் மனைகள். வந்தவருள் கோவாவினரும் மங்களூராரும் கொங்கணியைத் தம்முள் வேறுபட்ட வழக்குகளில் பேசினர். ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் மூன்று சாராரும் சந்தித்தபோது எவருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம் ஒன்றே. மண்ணின் மக்கள் தம் பங்கிலேயே சிறுபான்மையினராகினர். 1950இல் பாந்திரா பெரும்பம்பாய் மாநகராட்சியுடன் இணைந்தது. புறநகர் என்னும் பெயர் மட்டும் எஞ்சியது.

இலத்தீன் நீங்கியபோது

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தின் வழிபாட்டுக் கொள்கைத் திரட்டு 1963 டிசம்பர் 4 அன்று வெளிவந்தது. மறு ஆண்டே பம்பாயில் உலக நற்கருணை மாநாடு நடைபெற்றது. திருத்தந்தை ஆறாம் பவுல் நேரில் வந்தார். திருப்பலி மக்கள் மொழியில் நிகழலாம் என்றாயிற்று. தமிழகத்தில் இவ்வுரிமை தயக்கமின்றித் தமிழுக்கு ஆயிற்று. பாந்திராவிலோ மக்கள் மொழி எது என்னும் வினாவிற்கு அப்போதே விடை முடிவாகியிருந்தது. பங்கு மராத்தியை விலக்கவில்லை. ஏற்கெனவே வீடுகளில் நடந்து முடிந்திருந்த மாற்றத்தைப் பீடத்தில் ஏற்றுக்கொண்டது.

இம்முடிவுக்கு வலிமையான சான்று வசாய். பாந்திராவுக்கு வடக்கே சில பத்துக் கிலோமீட்டர் தொலைவில், அதே போர்த்துகீசிய மறைபரப்பு, அதே 1739 வீழ்ச்சி, அதே பதுரவாதோ குருக்கள், அதே குடிப்பெயர்கள். மறைபரப்பே மொழியைக் கொன்றது எனின் வசாயிலும் அது இறந்திருக்க வேண்டும். ஆனால் வசாய்க் கத்தோலிக்கர் இன்றும் மராத்தியிலேயே பேசுகின்றனர், வழிபடுகின்றனர், எழுதுகின்றனர். ‘சுவார்த்தா’ என்னும் மராத்தித் திங்களிதழை நெடுங்காலம் நடத்தி, விவிலியத்தை எளிய மராத்தியில் பெயர்த்த வசாய்க் குரு பிரான்சிஸ் திபிரிட்டோ, 2020இல் உஸ்மானாபாதில் கூடிய அகில இந்திய மராத்தி இலக்கிய மாநாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 2024இல் மறைந்தார். 1998இல் உருவான வசாய் மறைமாவட்டத்தின் முதல் ஆயர் தாமஸ் டாப்ரே, துக்காராமின் இறையனுபவத்தை ஆராய்ந்து முனைவரானவர்.

வேறுபாடு எங்கு நேர்ந்தது? வசாய்க் கிறித்தவர் நெடுங்காலம் வாழை, வெற்றிலை, காய்கறித் தோட்டங்களை விடவில்லை. தம் விளைபொருளை விற்கும் சந்தை மராத்திச் சந்தையாயிருந்தது. பாந்திராவினரின் நிலம் மனையாயிற்று. அவர்தம் சந்தை ஆங்கில அலுவலகமாயிற்று. மொழி நிலத்தோடு நின்றது. நிலம் போன இடத்தில் அதுவும் போயிற்று. எனினும் குருக்களைப் பொறுப்பிலிருந்து முற்றிலும் விடுவிக்கவியலாது. திபிரிட்டோவைப் போல மொழியைத் தம் பணியாகக் கருதிய குருக்கள் சிலர் பாந்திராவில் 1900ஐ ஒட்டித் தோன்றியிருப்பின், வாஸ் புராணத்தின் பாட்டேனும் கோயிலில் தங்கியிருக்கலாம். பெங்களூரில் 1970கள் தொட்டுக் கன்னடத்திற்கும் தமிழுக்கும் இடையே வழிபாட்டு மொழி குறித்து நிகழ்ந்த கடும் பிணக்குகளையும், தாராவித் தமிழரின் தமிழ்த் திருப்பலியையும் ஆராய்வோர் பாந்திரா, வசாய் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் பயன் தரும்.

எஞ்சியவை

வழிபாட்டில் இழந்ததைச் சடங்கில் ஓரளவு காத்தனர். திருமணத்திற்கு முன் கிணற்றிலிருந்து நீர் முகந்துவரும் ‘உம்பராச பாணி’ச் சடங்கும், அப்போது பெண்கள் பாடும் மராத்திப் பாட்டுகளும் ஊர்நத்தங்களில் மறையவில்லை. அக்டோபர் முதல் ஞாயிறன்று புதுக்கதிரைக் கோயிலுக்குக் கொணர்ந்து மந்திரித்துப் பெறும் ‘ஆகேரா’ விழா நம் புதிர் உண்ணும் வழக்கத்தை ஒத்தது. வயல்களே இல்லாத பாந்திராவில் இவ்விழா நடப்பது எண்ணத்தக்கது. மே மாதத்தில் தெருச்சிலுவைகளின் முன் கூடிச் செபமாலையும் மன்றாட்டுமாலையும் சொல்வர். 2017 ஏப்ரலில் பஜார் சாலையிலிருந்த, நூற்றாண்டைக் கடந்த சிலுவையொன்றை மாநகராட்சி இடித்தபோது எழுந்த எதிர்ப்பைச் சமய உணர்ச்சி என்று மட்டும் கொள்வது தவறு. ஊர்நத்தம் இன்ன இடத்தில் இருந்தது என்பதற்கு எஞ்சிய எல்லைக்கற்கள் அச்சிலுவைகளே.

செப்டம்பரில் குன்றின்மேல் நிகழும் மரியன்னை விழா இவை யாவற்றினும் பெரிது. இன்றைய கோயில் ஷாபூர்ஜி சந்தாபாய் என்னும் பார்சிக் கட்டடக்கலைஞரின் வரைவில் 1904இல் எழுந்தது. 1954இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. வேளாங்கண்ணியில் கொடியிறங்கும் செப்டம்பர் 8ஐ அடுத்த ஞாயிறன்று இங்கு ஒருவார விழா தொடங்கும். கை, கால், குழந்தை, வீடு என மெழுகில் வார்த்த உருவங்களை நேர்த்திக்கடனாகச் செலுத்துவர். வருவோருள் கத்தோலிக்கர் அல்லாதோர் மிகப் பலர். பங்கினர் இவ்வன்னையை ‘மவுண்ட் மேரி’ என ஆங்கிலத்தில் சுட்டுகின்றனர். ‘மோத் மாவ்லி’ என்பது பழம்பெயர். மலையைக் குறிக்கும் போர்த்துகீசிய ‘மோந்தெ’யின் திரிபோடு, பண்டரிபுரத்துப் பத்தர்கள் தாயெனப் பரவும் ‘மாவ்லி’ சேர்ந்த தொடர் அது என்பர். இன்று அப்பெயரைச் சொல்லிக் குன்றேறுவோர் பெரும்பாலும் மராத்தி பேசும் இந்துக்கள்.